ஆறுதலாக வாசிக்க எது நல்லது: புத்தகமா, போனா, அம்மம்மாவா?

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் போகும் வழியில் எங்கள் வீடு. காலபோக நெல் விளையும் நாள்களில் இரவில் யானை வரும். அதை விரட்டப் போடும் யானை வெடி கேட்டால் நான்கு வயது மகள் நுளம்புவலைக்குள் என்னோடு ஒட்டிக்கொள்வாள். யானை என்றால் அவளுக்கு வேலியை முறிப்பது, தென்னங்கன்றைப் பிடுங்கி எறிவது.

பிரதேச சபை நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த படக்கதைப் புத்தகத்தில் ஒரு யானை ஆற்றில் குளிக்கிறது. சிரித்த முகம், துதிக்கையில் தண்ணீர். மகள் அந்தப் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இந்த யானைக்கு ஏன் ஒருவரும் வெடி போடவில்லை?" அன்றிரவு அந்தப் பக்கத்தைத் திருப்பக் கால் மணி நேரம் ஆனது. அந்த யானையின் ஊர் எங்கே, அங்கே வயல் இருக்கிறதா, அதன் அம்மா எங்கே என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

இரண்டு நாள் கழித்து போனில் வேறொரு யானைக் கதை பார்த்தாள். பாட்டும் வண்ணமுமாக நல்ல காணொளிதான். நடுவில் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் யானை ஆற்றைக் கடந்துபோய், குரங்கு வந்துவிட்டது. கேட்க வந்ததை அவளும் மறந்துவிட்டாள்.

பிள்ளைகளோடு ஆறுதலாக வாசிப்பதற்கு எங்கள் வீடுகளில் என்னென்ன வழி இருக்கிறது, எது எதற்கு உதவும் என்று நான் எடைபோடத் தொடங்கியது அந்த இரண்டு யானைகளால்தான்.

முதலில் காணொளி. இதைத் திட்டித் தீர்க்க எனக்கு மனமில்லை. விறகடுப்பில் சோறு கொதிக்கும்போது, வயலிலிருந்து வந்த மனிதருக்குத் தேநீர் ஊற்றும்போது, பத்து நிமிடம் பிள்ளையை ஓரிடத்தில் இருத்திவைக்கிற உதவி அது. ஆனால் அதை வாசிப்புக் கணக்கில் சேர்க்க முடியாது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 37 பெற்றோரையும் அவர்களுடைய சின்னப் பிள்ளைகளையும் மூன்று விதமாக வாசிக்க வைத்துப் பார்த்து 2019இல் எழுதினார்கள்: அச்சுப் புத்தகம், சாதாரண மின்புத்தகம், சத்தமும் அசைவும் சேர்த்த மின்புத்தகம். திரையில் வாசித்தபோது பெற்றோரும் பிள்ளையும் தங்களுக்குள் பேசிக்கொண்டது குறைந்தது. புத்தகமாக வடிவமைத்த திரையிலேயே பேச்சுக் குறைகிறதென்றால், தானாக ஓடும் காணொளியில் பிள்ளை வாய் திறக்க எங்கே நேரம்?

போனுக்கு இன்னொரு பயன் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாக இருக்கின்றன. சிறுவர் புத்தகங்களும் உண்டு. நல்ல சிறுவர் புத்தகம் வாங்க வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் ஏற வேண்டிய எங்களுக்கு அது பெரிய கொடை. சின்னத் திரையில் எழுத்து எறும்பு மாதிரித் தெரியும், பெரிதாக்கினால் படம் பாதி வெளியே போய்விடும், அது உண்மைதான். நான் செய்வது இது: முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு, வாசிக்க முன் இணையத்தை நிறுத்திவிடுவேன். போன் என் கையில் இருக்கும், பிள்ளை என் மடியில் இருப்பாள். பக்கத்தை அவள் சொன்ன பிறகுதான் தள்ளுவேன். இப்படிச் செய்தால் போனும் ஏறக்குறைய புத்தகமாகிவிடுகிறது. ஏறக்குறையத்தான். அவளால் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

அச்சுப் புத்தகத்தில் பலருக்கு வரும் கவலை, வீட்டில் இருப்பதே ஒன்றோ இரண்டோ என்பது. இந்தக் கவலை வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளோடு செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. சில பிள்ளைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்களுக்கு வேறு வேறு கதைகள். புதிய சொற்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் கேட்டன. ஆனால் ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். என் மகளும் அப்படித்தான். களைத்துப்போய் நான் ஒரு வரியைத் தாண்டினால், "அம்மா, தவளை சொன்னதை விட்டுவிட்டீர்கள்" என்று பிடித்துவிடுவாள். எழுத்துத் தெரியாத பிள்ளை, வரியை மனதில் வைத்திருக்கிறாள்.

அம்மம்மாவின் கதைக்கு ஆய்வு தேவையில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை போய், மெனிக்பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது எங்கள் வீட்டில் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அந்த மாதங்களில் கூடாரத்துக்குள் என் சின்னத் தம்பியைத் தூங்கவைத்தது அம்மா சொன்ன கதைகள்தான். சுமக்காமல் கொண்டுபோக முடிந்தது அவை மட்டும். இப்போது அதே அம்மா என் பிள்ளைகளுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதை சொல்கிறார். மாடு மேய்க்கும் பொடியன்களிடம் ஒரு கிழவி வந்து தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலையெல்லாம் கண்கள். அம்மம்மா அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மகளின் தலைமயிரை மெதுவாக விலக்குவார். மகள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள். பிறகு கடல்நீரில் விளக்கெரிந்த கதை வரும். வைகாசிப் பொங்கலுக்குப் போய் அந்த விளக்கை நேரில் பார்த்த பிள்ளைக்கு, கதையும் ஊரும் ஒன்றாகிவிடுகின்றன.

இதில் புத்தகம் தோற்றுத்தான் போகும். ஆனால் அம்மம்மா ஒவ்வொரு தடவையும் வேறு சொல்லில் சொல்வார், போன கிழமை கிழவி கேட்டது தண்ணீர், இந்தக் கிழமை சோறு. புத்தகத்தின் சொல் மாறாது, அந்த மாறாத சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை எழுத்துக்குள் இறங்குகிறாள். ஆகவே இந்த இரண்டில் ஒன்றைக் கைவிட எனக்கு விருப்பமில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இடப்பெயர்வுகளில் படிப்புக் குழம்பிய தாய்தகப்பன்மார் பலர், பிள்ளைக்கு முன்னால் சத்தமாக வாசிக்கக் கூச்சப்படுகிறார்கள். படத்தைக் காட்டிக் கதைக்க எழுத்துத் தேவையில்லை. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழு 1988இல் எழுதிய ஆய்வு இதற்குத் துணை. அவர்கள் பெற்றோரிடம் கேட்டது, படப்புத்தகத்தைக் காட்டும்போது பிள்ளையிடம் "இது என்ன செய்கிறது?" என்பதுபோல விரிந்த கேள்விகள் கேளுங்கள், அது சொல்வதை நீட்டிச் சொல்லுங்கள் என்பதுதான். ஒரு மாதத்திலேயே அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. படத்தில் யானை என்ன செய்கிறது என்று கேட்க, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட அப்பாவாலும் முடியும்.

இனி மூத்தவன். ஐந்தாம் ஆண்டு, புலமைப்பரிசில் பரீட்சை. ரியூசனில் கிரகித்தல் பயிற்சிக்கு மணிக்கூடு வைத்து வாசிக்க விட்டார்கள். இரண்டு மாதத்தில் புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பத் தொடங்கினான். எனக்கு நெஞ்சு வலித்தது. பரீட்சைக்கு வேகம் வேண்டும், மறுக்கவில்லை. அதை மேசையில் வைத்துப் படிக்கட்டும். இரவுப் பாய்க்கு அந்த வழிகாட்டிப் புத்தகம் வரக்கூடாது என்று முடிவெடுத்தேன். பதிலாக, தங்கச்சிக்கு வாசித்துக்காட்டச் சொன்னேன். அவள் விடுவாளா? ஒவ்வொரு வரிக்கும் மறித்தாள். அவன் நின்றான், பதில் சொன்னான், திரும்ப அதே வரியை வாசித்தான். மூன்றாம் நாள் தவளைக்கு ஒரு குரல், யானைக்கு ஒரு குரல் என்று தானாகவே மாற்றத் தொடங்கினான்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். பின்னேரம் எங்களுக்குச் சரிவரவில்லை. ரியூசன், தண்ணீர் அள்ளல், மாடு கட்டல். சாப்பாட்டுக்குப் பிறகு, நுளம்புவலைக்குள், இருபது நிமிடம். இரண்டு பக்கம் முடிந்தாலும் போதும்.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் அந்த நைந்த படக்கதைப் புத்தகத்தைத்தான் எடுப்பேன். நாளை அதன் தவணை முடிகிறது. மகள் இப்போதே சொல்லிவிட்டாள், யானை இன்னும் குளித்து முடியவில்லையாம். நான்காவது தடவையாகப் பதியப் போகிறேன்.