வீட்டு சிமுலேட்டருக்கு எந்த ஃப்ளைட் ப்ளானர்? சிம்ப்ரீஃப், லிட்டில் நேவ்மேப், நேவிகிராப்: ஒரு விமர்சனம்

விமானம் போகும் வழியையும் எரிபொருளையும் கணக்கிட்டுத் தரும் ப்ளானர்களில் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் ஓட்டும் விமானத்தின் கம்ப்யூட்டரில் எந்த ஏராக் சைக்கிள், அதாவது எந்தத் தேதியின் வான்வழித் தரவு, ஏறியிருக்கிறது? பெரம்பூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று எங்கே யார் வீட்டு ஹாலில் யோக்கும் பெடலும் மாட்டினாலும், முதல் மாதத்தில் வரும் புகார் ஒன்றேதான்: ப்ளானர் கொடுத்த ரூட்டை அப்படியே தட்டினேன், திரையில் ‘நாட் இன் டேட்டாபேஸ்’ என்று வருகிறது. குற்றம் ப்ளானரிலும் இல்லை, விமானத்திலும் இல்லை. இரண்டும் வேறு வேறு தேதியின் தரவை வைத்துக்கொண்டு பேசுகின்றன.

உலகம் முழுக்க வான்வழித் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. அந்தச் சுற்றுக்குத்தான் ஏராக் சைக்கிள் என்று பெயர். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வரிசை எண். 2501 என்றால் 2025-இன் முதல் சுற்று. அது அமலுக்கு வந்த நாள் ஜனவரி 23. ஒவ்வொரு சுற்றிலும் சில வே-பாயின்ட்கள் (வழியில் பெயரிட்டுக் குறித்த புள்ளிகள்) போகும், சில வரும், புறப்பாட்டு வழிகளின் பெயரில் கடைசி எண் கூடும். சிம்ப்ரீஃபின் இலவசக் கணக்கில் இருப்பது பழைய சுற்று. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் தன் உள் தரவை அவ்வப்போது தானே புதுப்பித்துக்கொள்கிறது. சிமுலேட்டரில் சேர்க்கக் காசு கொடுத்துத் தனியாக வாங்கும் ஏர்பஸ், போயிங் ஆட்-ஆன்களில் பல தங்கள் சொந்தத் தரவோடு வரும்; எக்ஸ்-ப்ளேனுக்கும் அதனுடன் வரும் தரவு தனி. ஆக ஒரே மேஜையில் மூன்று காலத்து வரைபடங்கள் இருக்கும். ப்ளானரைத் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த மூன்றையும் எப்படி ஒட்டவைக்கப்போகிறோம் என்று முடிவெடுப்பதுதான்.

சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் ப்ளானரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில் உலக வரைபடத்தில் இரண்டு ஊரைத் தொட்டால் கோடு போட்டுவிடும். எரிபொருள் கணக்கு ஒப்புக்கு இருக்கிறது, சேரும் இடத்தில் இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று விமான நிலையம் என்ற பேச்சே இல்லை. 2024 பதிப்பில் பிரவுசரிலேயே திறக்கும் ப்ளானர் வந்திருக்கிறது, அது நிச்சயமாக முன்னேற்றம். சிமுலேட்டரோடு வரும் சிறு விமானங்களுக்கு அது போதும். ஏர்லைன் விமானத்துக்குப் போதாது.

ஏர்லைன் விமானம் என்றால் சிம்ப்ரீஃப். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. இலவசம், பிரவுசரில் ஓடுகிறது, சிமுலேட்டர் கம்ப்யூட்டருக்குப் பாரமில்லை, போனிலேயே ப்ளான் போட்டுவிடலாம். புறப்படும் இடம், சேரும் இடம், விமான வகை மூன்றையும் கொடுத்தால் ரூட், அன்றைய நிஜக் காற்று, எரிபொருள், எடை எல்லாம் சேர்த்து விமானிகள் கையில் வைத்திருப்பது போன்ற முழு ஓஎஃப்பி (பயணத் திட்டத்) தாள் வந்துவிடும். ஆனால் அப்படியே ‘ஜெனரேட்’ அமுக்கினால் கிடைப்பது பாதி பலன்தான். மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும்.

முதலாவது, விமானத்தின் எடைக் குறிப்பு. சிம்ப்ரீஃபில் இருக்கும் பொதுவான ஏர்பஸ் ஏ320-இன் வெற்று எடையும் உங்கள் ஆட்-ஆனின் வெற்று எடையும் ஒன்றாக இருக்காது. ஃப்ளைபைவயர், ஃபெனிக்ஸ் போன்ற ஏ320 ஆட்-ஆன்களுக்குத் தயாராக உள்ள ஏர்ஃப்ரேம் குறிப்பு கிடைக்கும். அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு அதை வைத்தே ப்ளான் போட வேண்டும். இல்லையென்றால் தாளில் இருக்கும் ஜீரோ ஃப்யூவல் எடை (எரிபொருள் தவிர்த்த மொத்த எடை) ஒன்று, விமானத்தில் இருப்பது வேறொன்று. டேக்-ஆஃப் வேகமும் ட்ரிம்மும் அங்கேயே பிசகும்.

இரண்டாவது, கிலோவா பவுண்டா. சென்னையிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 225 கடல் மைல். ஏ320-க்குப் பயண எரிபொருள் மட்டும் ஏறக்குறைய 2 டன். தரையில் ரன்வே வரை ஓடும் டாக்ஸி, திருச்சிக்கு மாற்றுப் பயணம், 30 நிமிட இறுதிக் கையிருப்பு எல்லாம் சேர்த்தால் 5 டன்னுக்கு அருகில் வரும். தாளில் 5000 என்று கிலோவில் இருப்பதைப் பவுண்டில் இருக்கும் விமானத்தில் 5000 என்றே போட்டால் ஏறுவது 2270 கிலோ. மதுரை வரை போய்விடலாம். அங்கே இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வரும் ஒரு கோ-அரவுண்ட் போட வேண்டி வந்தால் கதை முடிந்தது. சிம்ப்ரீஃப் கணக்கின் செட்டிங்கில் ஒருமுறை கிலோ என்று வைத்து, விமானத்தின் காக்பிட்டில் இருக்கும் டேப்லெட்டிலும் கிலோ என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது.

மூன்றாவது, கன்டின்ஜென்சி, அதாவது எதிர்பாராததற்கான கூடுதல் எரிபொருள். 5 சதவீதம் மட்டும் என்று விட்டால் மதுரைக்கு வெறும் 100 கிலோதான் கிடைக்கும், இரண்டரை நிமிடத்துக்கான எரிபொருள். 5 சதவீதம் அல்லது 5 நிமிடம், எது அதிகமோ அது என்ற தேர்வை வையுங்கள். வடகிழக்குப் பருவமழை நாளில் சென்னைக்குத் திரும்புவதாக இருந்தால் எக்ஸ்ட்ரா கட்டத்தில் 20 நிமிடம் கூட்டுங்கள். ஏ320-க்கு அது சுமார் 800 கிலோ.

இந்த மென்பொருளின் அருமை புரிய வேண்டுமென்றால் சென்னை – போர்ட் பிளேர் போட்டுப் பாருங்கள். நம் துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டு மூன்று நாள் ஆகும் அந்த 740 கடல் மைல் விமானத்தில் இரண்டு மணி நேரம். பயண எரிபொருள் 5 டன் அளவுதான். ஆனால் அங்கே இறங்க முடியாவிட்டால் எங்கே போவது? சுற்றிலும் கடல். மாற்று நிலையமாகச் சென்னையையே வைத்தால் திரும்பி வர ஏறக்குறைய இன்னொரு 5 டன். மொத்தம் 11, 12 டன் ஆகிவிடும். விமானம் நிறையப் பயணிகளை ஏற்றி ஜீரோ ஃப்யூவல் எடை 61 டன்னுக்குப் போனால், போர்ட் பிளேரில் இறங்கும்போது டேங்கில் 6 டன் மிச்சம் இருக்கும், எடை 67 டன். இறங்கும் வரம்பு 66 டன் உள்ள ஏ320 அதைத் தாங்காது. சிம்ப்ரீஃப் இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். சரக்கையோ பயணிகளையோ குறைத்தாக வேண்டும். வரைபடத்தில் வெறும் கோடு போடும் ப்ளானர் எதுவும் இதைச் சொல்லாது. ஒரு எச்சரிக்கை: மாற்று நிலையத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்க விட்டுவிடாதீர்கள். கார் நிக்கோபார், தாம்பரம், அரக்கோணம் மூன்றும் படைத்தளங்கள். அவற்றில் ஒன்று பட்டியலில் வந்தால் கையால் மாற்றுங்கள்.

ப்ளான் விமானத்துக்குள் போவது இப்போது சுலபம். ஃப்ளைபைவயரில் டேப்லெட்டில் கணக்கை இணைத்துவிட்டு, எம்சிடியூ என்ற காக்பிட் கம்ப்யூட்டரின் இனிட் பக்கத்தில் ‘இனிட் ரெக்வெஸ்ட்’ அமுக்கினால் ரூட் இறங்கும். ஃபெனிக்ஸில் டேப்லெட்டில் சிம்ப்ரீஃப் பெயரைப் பதிந்தால் போதும். எக்ஸ்-ப்ளேனுக்குக் கோப்பை இறக்கி ‘அவுட்புட்’ ஃபோல்டருக்குள் உள்ள ‘எஃப்எம்எஸ் ப்ளான்ஸ்’ ஃபோல்டரில் போட வேண்டும். எதுவானாலும் ரன்வே, புறப்பாட்டு வழி, வருகை வழி மூன்றையும் பெரும்பாலும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். காரணம் சென்னையின் காற்று. மே, ஜூனில் காலையில் மேற்கிலிருந்து அடிக்கும், 25-ஆம் ரன்வே. பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் அதே ரன்வேயின் மறுமுனையான 07 ஆகிவிடும். காலை 11 மணிக்குப் போட்ட ப்ளானில் கிண்டிப் பக்கமிருந்து இறங்குவதாக இருக்கும். 3 மணிக்கு வந்து சேரும்போது அனகாபுத்தூர்ப் பக்கமிருந்து இறங்கச் சொல்வார்கள். இறங்கத் தொடங்குவதற்கு முன் மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) பார்த்து வருகை வழியை மாற்றுங்கள். மாற்றியபின் ரூட் பக்கத்தில் ‘டிஸ்கன்டின்யுவிட்டி’ என்ற இடைவெளி வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை அழிக்காமல் விட்டால் ஆட்டோபைலட் அந்த இடம் வரை வந்து, போகும் திசையிலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும்.

செஸ்னா போன்ற சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு இத்தனை தாளும் தேவையில்லை. அவர்களுக்கு லிட்டில் நேவ்மேப். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதன் பெரிய பலம், அது உங்கள் சிமுலேட்டரின் தரவையே படித்துக்கொள்கிறது. ‘லோட் சீனரி லைப்ரரி’ ஒருமுறை ஓட்டினால் சிமுலேட்டரில் இருக்கும் ரன்வே, பார்க்கிங், விஓஆர் என்ற ரேடியோ வழிகாட்டி எல்லாம் அப்படியே வரைபடத்தில் வரும். முதலில் சொன்ன முரண்பாட்டுக்கே இடமில்லை. 2024 பதிப்புக்கு மட்டும் சிமுலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அதன் தரவு நெட் வழியாக வருகிறது. புதிதாக ஏதாவது விமான நிலைய சீனரி போட்டால் மறுபடி லோட் செய்யுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு வழி போட்டுப் பார்க்கலாம். மீனம்பாக்கத்திலிருந்து சென்னைத் துறைமுகம், காசிமேடு, எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு. போக ஏறக்குறைய 30 கடல் மைல், திரும்ப 30. ஒவ்வொரு இடத்திலும் வரைபடத்தில் ரைட் க்ளிக் செய்து ப்ளானில் சேர்த்து, பெயர் கொடுத்துவிடுங்கள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை யூசர் பாயின்ட்டாகக் குறித்து வைத்தால் எண்ணூர் தாண்டியதும் நல்ல அடையாளம். செஸ்னா 172-இல் 100 நாட் வேகத்தில் 40 நிமிடத்துக்குள் முடியும், மணிக்கு 9 கேலன் என்று வைத்தாலும் 6 கேலன் போதும். கையிருப்போடு 15 கேலன் ஏற்றினால் தாராளம். முழு டேங்க் 53 கேலன் ஏற்றினால் கூடுதல் 38 கேலன், 228 பவுண்டு சும்மா சுமக்கிறீர்கள். பழவேற்காட்டுக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு உள்ள வான்பகுதி இருக்கிறது. ஏர்ஸ்பேஸ் காட்டும் பட்டனை ஆன் செய்துவிட்டுத் திரும்பும் இடத்தை முடிவு செய்யுங்கள். திரையின் கீழே வரும் நில உயர வரைபடத்தை இந்தத் தட்டையான கரையில் யாரும் பார்க்கப்போவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மேற்கே போகும்போது அதே வரைபடம்தான் உயிர்காக்கும்.

இதன் குறை, பட்டன்கள் அதிகம். முதல் நாள் திரை முழுக்க மெனுவாக இருக்கும். எரிபொருள் கணக்கும் தானாக வராது. விமானத்தின் பெர்ஃபார்மன்ஸ் கோப்பை நாம் கொடுக்க வேண்டும், அல்லது ஒருமுறை பறக்கும்போது அதுவே சேகரிக்கும்படி விட வேண்டும்.

வான்வழித் தரவு விற்கும் நேவிகிராப்பின் சந்தா எடுக்கலாமா? சிம்ப்ரீஃபும் இப்போது அவர்கள் கையில்தான். சந்தா எடுத்தால் சிம்ப்ரீஃப், விமானம், சிமுலேட்டர், லிட்டில் நேவ்மேப் எல்லாவற்றுக்கும் ஒரே புதிய சைக்கிள், கூடவே ஜெப்பசன் சார்ட்கள், அதாவது விமானிகளுக்கான வரைபடங்கள். பழைய டேப்லெட் ஒன்றை யோக் பக்கத்தில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் சிம்லிங்க் என்ற இணைப்பு மென்பொருளைப் போட்டால் சார்ட்டின் மேல் உங்கள் விமானம் நகர்வது தெரியும். வாட்சிம் என்ற ஆன்லைன் வலையமைப்பில் கன்ட்ரோலரோடு பேசிப் பறப்பவருக்கும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஏர்லைன் விமானம் எடுப்பவருக்கும் அது செலவுக்குத் தகும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். இந்திய விமான நிலையங்களுக்கான சார்ட்களை விமான நிலைய ஆணையமே இ-ஏஐபி என்ற தன் இணையத் தொகுப்பில் இலவசமாகத் தருகிறது. சென்னை, மதுரை, கோவை எல்லாம் அதில் உண்டு. பழைய சைக்கிளோடு இலவசமாகவே ஓட்ட ஒரு வழியும் இருக்கிறது: சிம்ப்ரீஃபிலிருந்து எரிபொருளையும் எடையையும் எடுத்துக்கொள்ளுங்கள், ரூட்டில் ஏற மறுக்கும் பாயின்ட்டை விட்டுவிட்டு அடுத்ததற்கு நேராகப் போங்கள், புறப்பாடும் வருகையும் விமானத்தின் தரவில் என்ன இருக்கிறதோ அதையே எடுங்கள். தனியாகப் பறக்க இது தாராளமாகப் போதும்.

சந்தா யூரோவில் கழியும். பல வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் அணைத்துத்தான் இருக்கும். ஆப்பில் அதை ஆன் செய்துவிட்டுக் கட்டுங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தானியங்கிக் கட்டணத்துக்கான விதியை இறுக்கியதிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிவது சில கார்டுகளில் நடுவிலேயே நின்றுபோகிறது. வருடச் சந்தாவாக ஒரே தடவை கட்டுவது மேல். கட்டிய கையோடு நேவிகிராப்பின் ஹப் மென்பொருளில் சிமுலேட்டருக்கும் ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும் தனித்தனியாகத் தரவை ஏற்றிவிட்டு, விமானத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் காட்டும் தேதியும் சிம்ப்ரீஃப் தாளில் உள்ள சைக்கிளும் ஒன்றுதானா என்று ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.