பாடத்திட்டம் பொதுவா, ஆசிரியர் கையிலா?

2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, சொந்தமாகப் பாடத்திட்டம் வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகள் கடுமையாக எதிர்த்தன. பாடத்திட்டத்தை யார் எழுதுவது என்றே அப்போது எல்லோரும் மல்லுக்கட்டினார்கள். வினாத்தாளை யார் எழுதுகிறார் என்று கேட்டிருந்தால் விவகாரம் இன்னும் தெளிவாகியிருக்கும்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3 கிரெடிட் தியரி தாள் என்றால் 5 யூனிட், யூனிட்டுக்கு 9 பீரியட். ஆபரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் ‘டெட்லாக்’ (புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து எதுவும் நகராமல் முடங்குவது) வருகிறது. பசங்களுக்கு ஆர்வம் பற்றிக்கொள்கிறது, லேபில் செய்து பார்க்கலாம் என்கிறார்கள். ஆசிரியருக்கும் ஆசைதான். ஆனால் அதில் ஒரு வாரம் போனால் கடைசி யூனிட் தொங்கிவிடும். பொதுவாக யூனிட்டுக்கு இரண்டு டூ மார்க், ஒரு 13 மார்க். ஆக 17 மார்க் காலி. கேள்வி எடுப்பவர் யாரோ, திருத்துபவர் யாரோ. ரிஸ்க் எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அதற்காக இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சுயநிதிக் கல்லூரிகளில் செமஸ்டர் நடுவே ஆசிரியர் வேலையை விட்டுப் போவது சகஜம். புதிதாக வருபவர் மூன்றாம் யூனிட்டிலிருந்து தொடரலாம். அரியர் வைத்தவனுக்கு எந்தக் கல்லூரி நோட்ஸும் கேள்வி வங்கியும் உதவும்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் கதை வேறு. சென்னை லயோலா, கோவை பி.எஸ்.ஜி. டெக் போன்றவை 1978 முதலே இந்த வழியில் நடக்கின்றன. பாடத்திட்டக் குழு சொந்தம், தேர்வும் சொந்தம். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. புதிய தாளைச் சட்டென்று சேர்க்கலாம். ஆனால் இந்தச் சுதந்திரம் பல இடங்களில் துறைத்தலைவர் அறையோடு நின்றுவிடுகிறது. நான்கு செக்‌ஷனுக்கும் ஒரே பி.பி.டி., ஒரே இன்டர்னல் கேள்வித்தாள். தன்னாட்சி கல்லூரிக்குத்தான், வகுப்பில் நிற்பவருக்கு இல்லை. (மார்க்கை வாரி வழங்குகிறார்கள் என்ற முணுமுணுப்பு தனி.)

என்னைக் கேட்டால், முதலாண்டு கணிதம், இயற்பியலுக்குப் பொதுப் பாடத்திட்டமே போதும். மாணவர் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் எலெக்டிவ் தாள்களை நடத்துபவரிடமே விட்டுவிடலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறை தியரி தாளுக்கு, கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க்கை நூற்றுக்கு 40 ஆக்கியது. அந்த 40ஐயும் அதே டூ மார்க், 13 மார்க் பாணித் தேர்வுகளே பெரிதும் விழுங்குகின்றன. டெட்லாக்கை லேபில் செய்து காட்டியவனுக்கு அதில் 15 கொடுக்க ஆசிரியருக்கு உரிமை தந்தால், பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.