கிருஷ்ணாபுரம்: அரைநாளில் காணத்தக்க சிற்பக்கூடம்

திருநெல்வேலிக்கு அலுவலாகவோ திருமணத்துக்காகவோ வந்து ஒரு நாள் தங்குகிறவர்கள், நெல்லையப்பரைத் தரிசித்து அல்வாவும் வாங்கிய பிறகு, மீதிப் பொழுதில் பார்ப்பதற்குக் கலைக்கூடம் ஏதேனும் உண்டா என்று விசாரிப்பதுண்டு. பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அரைநாள்தான் மிச்சம் என்றால் நான் கைகாட்டுவது கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலைத்தான். நாயக்கர் காலச் சிற்பங்களைக் காண நெல்லைச் சீமையில் இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் துணிபு.

திருச்செந்தூர் சாலையில் பாளையங்கோட்டையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் ஊர் வந்துவிடும். அந்த வழியில் போகும் எல்லாப் பேருந்துகளும் அங்கே நிற்பதில்லையாதலால் நடத்துநரிடம் கேட்டு ஏறுவது நல்லது. மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரின் மகனான கிருஷ்ணப்ப நாயக்கர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இது. விசயநகர மன்னர் சதாசிவராயர் காலத்துச் செப்பேடு ஒன்று, 1567-ஆம் ஆண்டுக்குரியது, இக்கோயிலுக்குக் கொடையளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது.

இங்குள்ள தூண் சிற்பங்கள் தனியே செதுக்கித் தூணில் பொருத்தப்பட்டவை அல்ல. ஆளுயர உருவமும் அது சார்ந்து நிற்கும் தூணும் ஒரே கல். மடித்த முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் புகும்படி கருங்கல்லைக் குடைந்தெடுத்த சிற்பிக்கு, ஓர் உளி தவறினால் கையை மட்டுமல்ல, மண்டபத்தைத் தாங்க வேண்டிய தூணையே இழக்க நேரும் என்பது தெரிந்திருக்கும். அதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு விரலும் நகமும் வேறு விதமாகத் தென்படும்.

இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவனும், இளவரசனைத் தோளில் சுமந்து செல்லும் குறத்தியும் அதிகம் பேசப்படுபவை. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நலம். தூக்குகிறவரின் உடல் சுமையை எப்படி வாங்கிக்கொள்கிறது என்ற ஒரே கேள்விக்குச் சிற்பி ஆண் உடலைக் கொண்டும் பெண் உடலைக் கொண்டும் தனித்தனியே விடை சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டாவது விடைதான் மேலானதாகப் படுகிறது. நாகாத்திரம் ஏந்திய கர்ணன், தவக்கோலத்து அர்ச்சுனன், வீரபத்திரர், மன்மதன், ரதி என மற்றவையும் பெயர் பெற்றவையே. ரதியின் அணிகலன்களைப் பலரும் புகழ்கிறார்கள். புகழலாம், ஆனால் அணிகலன்களில் மயங்கி நின்றால் முகத்தைப் பார்க்காமல் வந்துவிடுவோம்.

நான் நெடுநேரம் நின்றது பீமனும், பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகமும் உள்ள தூணின் முன்னால். துரத்தி வந்த மிருகத்தின் எல்லையைப் பீமன் ஒரு காலால் தாண்டிவிட, மறுகால் உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. வழக்கு தருமரிடம் போக, தம்பி என்று பாராமல் பாதி உடல் மிருகத்துக்கே உரியது என்று அவர் தீர்ப்பளிக்கிறார் என்பது கதை. ஓட்டமும் பிடியும் தீர்ப்பும் ஒரே கல்லுக்குள் அடங்கியிருப்பதால், முன்னால் நின்று மட்டும் பார்த்தால் போதாது, தூணைச் சுற்றி வர வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வருகையில் பார்த்து முடிக்க முயல வேண்டாம்; மூன்று தூண்களைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றைக் கடந்து செல்லலாம். மகாபாரதக் கதை தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் பயன் இரட்டிப்பாகும். சிலைகளைத் தட்டி ஓசை கேட்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் ஒலிப்பதற்கென்றே அமைந்தவை, இவை அப்படியல்ல. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதே இவற்றுக்குச் செய்யும் மரியாதை.

நடை உச்சிப்பொழுதில் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கப்படுமாதலால் காலையிலேயே இங்கு வந்துவிட வேண்டும். இன்னும் பொழுது இருப்பவர்கள் அதே சாலையில் தொடர்ந்து சென்றால், இறந்தோரைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் வரும். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டியவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார்; 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அகழ்வுக் குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே, தாழிகள் கிடந்த இடத்திலேயே பார்க்கும் ஏற்பாடு 2023-இல்தான் அங்கே வந்தது. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களை அப்படி எவரும் எடுத்துச் செல்ல முடியவில்லை, ஏனெனில் அவற்றை எடுக்க வேண்டுமானால் மண்டபத்தையே பிரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்புகிறவர்கள் கோயிலை முதலிலும் ஆதிச்சநல்லூரை அடுத்தும் வைத்துக்கொள்ளலாம். வெயில் காலமாயின் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும்.