பென்டிரைவில் பூட் ஆகாத கம்ப்யூட்டர்: ரூஃபஸா, வென்டாயா?

பூட் மெனுவில் பென்டிரைவ் பெயரே வரவில்லை என்றால் பெரும்பாலும் பழுது பென்டிரைவில் இருக்காது, ஓஎஸ்ஸை அதில் எழுதிய விதத்தில்தான் இருக்கும். அப்படி எழுத உதவும் இரண்டு மென்பொருள்கள் ரூஃபஸ், வென்டாய். மெனுவைத் திறக்க எந்தக் கீ என்பதெல்லாம் தெரிந்ததே: டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9.

ரூஃபஸ் எழுதும்போதே ஜிபிடியா எம்பிஆரா (டிரைவைப் பகுதி பிரிக்கும் புது முறையா, பழைய முறையா) என்று கேட்கும். ஜிபிடியில் எழுதியதைப் பழைய லெகஸி பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள போர்டு கண்டுகொள்ளாது. எம்பிஆர், பயாஸ் என்று எழுதினால் புது லேப்டாப்பில் ஓடாது. மாற்ற வேண்டுமென்றால் மொத்தமும் அழித்து மறுபடி எழுத வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கத்துச் சர்வீஸ் கடையில் ஒரே மேசையில் கோர் 2 டுயோ டெஸ்க்டாப்பும் புது லேப்டாப்பும் கிடக்கும்போது இது பெரிய தொல்லை.

அதனால் நம் ஓட்டு வென்டாய்க்கே. ஒருமுறை நிறுவினால் லெகஸி, அதற்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ இரண்டிலும் அதே பென்டிரைவ் எழும்பும். ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் டிஸ்கின் முழு நகல்) அப்படியே காப்பி செய்தால் போதும். விண்டோஸ், உபுண்டு, ரேம் சோதிக்கும் மெம்டெஸ்ட் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். வென்டாயின் புது வெர்ஷன் வந்தால் அப்டேட் கொடுங்கள், இன்ஸ்டால் கொடுத்தால் ஃபைல்கள் போய்விடும். 32 அல்லது 64 ஜிபி போதும். சில பழைய பயாஸ் 137 ஜிபிக்கு மேல் படிக்காது, வென்டாயின் பூட் பகுதியோ டிரைவின் கடைசியில் இருக்கிறது, அதனால் அதைவிடப் பெரிய டிரைவ் அவற்றில் எழும்பாமல் போகலாம்.

இடிப்பது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாததை எழும்ப விடாத பாதுகாப்பு. முதல் தடவை 'வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்' என்று நீலத்திரை வரும். ஓகே கொடுத்து, உடனே ஏதாவது ஒரு கீயைத் தட்டுங்கள். 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்', 'விடாய்இஎஃப்ஐ' என்று போய், அங்கிருக்கும் 'என்ரோல் திஸ் கீ' ஃபைலைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்யுங்கள். இது ஒவ்வொரு மெஷினுக்கும் ஒருமுறை. சோம்பல்பட்டு செக்யூர் பூட்டை அணைத்தால், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். கஸ்டமரிடம் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்) இல்லாத மெஷினில் விண்டோஸ் 11 மட்டும் போடுவதென்றால் ரூஃபஸ் சுலபம். அந்தக் கட்டாயத்தை நீக்க டிக் பாக்ஸே தருகிறது. 4 ஜிபியைத் தாண்டும் இன்ஸ்டால் ஃபைலையும் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் எழுதிச் சமாளிக்கும்.

இரண்டிலும் எழும்பவில்லையா? கடற்கரை ஊர் உப்புக்காற்றில் முன்பக்க யூஎஸ்பி போர்ட் பச்சை பூத்திருக்கும், பின்பக்கம் செருகுங்கள். கரன்ட் போய் வந்ததும் தேதி, பூட் ஆர்டர் மாறினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். எல்லாப் போர்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, ஆனால் செலவு குறைந்தது இதுதான்.