‘டைம்’ தியெம்போவா, ஓராவா, வேஸா? ஆங்கிலம்–ஸ்பானிஷ் அகராதித் தளங்கள்: ஒரு மதிப்பீடு

‘டைம்’ என்று தட்டினால் ஸ்பானிஷில் நான்கு சொற்களாவது வந்து நிற்கும்: தியெம்போ, ஓரா, வேஸ், எபோகா. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவர் இங்கே திணறுவார். தமிழில் யோசிப்பவருக்கு அந்தத் திணறல் வேண்டியதில்லை. நேரம், மணி, தடவை, காலம் என்று ஏறக்குறைய அதே இடங்களில்தான் நாமும் பிரிக்கிறோம். நேரமில்லை: ‘நோ தெங்கோ தியெம்போ’. மணி என்ன: ‘கே ஓரா எஸ்’. மூன்று தடவை: ‘த்ரெஸ் வேசெஸ்’.

ஆகவே ஓர் அகராதி எத்தனை சொல் தருகிறது என்பதை விட, எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு என்று சொல்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த உரைகல்லில் முதலிடம் வேர்ட்ரெஃபரன்ஸுக்கு. 1999-இல் தொடங்கிய தளம், இலவசம், பார்க்கப் பழசாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஆங்கிலச் சொல், அது பெயரா வினையா என்ற குறி, அடைப்புக்குள் பொருள் விளக்கம், அதன் பிறகே ஸ்பானிஷ் சொல். ‘ஸ்பிரிங்’ என்று தேடினால் பருவத்துக்குப் பிரிமாவேரா, சுருள்வில்லுக்கு முவெயே அல்லது ரெசோர்தே, ஊற்றுக்கு மனந்தியால் என்று தனித்தனி வரிகள். பெயர்ச்சொல் என்றால் ஆண்பாலா பெண்பாலா என்பதும் பக்கத்திலேயே இருக்கும். வினைச்சொல்லை ஒட்டியிருக்கும் சிறிய அம்புக்குறியைத் தொட்டால் வினைத்திரிபு அட்டவணை திறக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குக் கீழே சில வேளைகளில் ஒரு சிறு குறிப்பு வரும்: ‘இந்த வாக்கியம் மூலத்தின் மொழிபெயர்ப்பு அல்ல’ என்று ஸ்பானிஷில். ஆங்கில வாக்கியத்துக்கு நேர் இணை என்று நினைத்து அதை அப்படியே எடுத்து ஒட்டினால் பொருள் வேறாகிவிடும். சொல் எப்படிப் புழங்குகிறது என்று காட்டத்தான் அந்த வாக்கியம்.

‘கெட்’, ‘டேக்’, ‘ரன்’ மாதிரியான சொற்களில் இதே தளம் சோர்வு தரும். பக்கம் நீண்டுகொண்டே போகும். முதல் வரியிலேயே நின்றுவிடத் தோன்றும். துணைச்சொல்லோடு சேர்த்தே தேடுவதுதான் வழி. ‘டேக்’ அல்ல, ‘டேக் ஆஃப்’. அப்போது விமானம் கிளம்புவதற்குத் தெஸ்பெகார், சட்டையைக் கழற்றுவதற்குக் கித்தார்சே என்று நேராகக் கிடைக்கும்.

தமிழைத் துணைக்கு வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். ‘கார்னர்’ என்றால் தெருமுனையா, அறை மூலையா? முனைக்கு எஸ்கினா, மூலைக்கு ரின்கோன். ‘ப்ளே’யில் விளையாடினால் ஹுகார், வீணை வாசித்தால் தோகார். ‘சேவ்’ செய்வது உயிரையா, பணத்தையா, கோப்பையா? காப்பாற்றினால் சல்வார், சேமித்தால் அஓரார், கோப்பைப் பத்திரப்படுத்தினால் குவார்தார். ஆனால் இந்தக் கைத்தடி எல்லா இடத்திலும் ஊன்றாது. ‘கேள்’ ஒன்றே நமக்குப் போதும். அங்கே விவரம் கேட்டால் பிரெகுந்தார், பொருளோ உதவியோ கேட்டால் பெதிர், காதில் விழுந்தால் ஓயிர். உயிரோடு நீந்தும் மீன் பெஸ், பிடிபட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் பெஸ்காதோ. ‘கால்’ இன்னும் மோசம்: மனிதருக்குப் பியெர்னா, நாய்க்கும் மேசைக்கும் பாத்தா, பாதத்துக்குப் பியே.

‘தெரியும்’ என்பதும் அப்படித்தான். நீந்தத் தெரியும் என்றால் சபேர், அவரைத் தெரியும் என்றால் கொனொசேர். இப்படி இரட்டையாக வரும் சொற்களுக்கு ஸ்பானிஷ்டிக்ட் என்ற தளம் நல்லது. சேர்–எஸ்தார் (இரண்டும் ‘இரு’), போர்–பாரா (இரண்டும் ‘-க்காக’) போன்றவற்றை ஒப்பிட்டு விளக்கும் தனிப் பக்கங்கள் அங்கே உண்டு. கற்றுக்கொள்பவர் இங்கிருந்து தொடங்கலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகச் செய்பவருக்கு இது போதாது.

லிங்குவீ 2009-இல் வந்தது. இணையத்தில் ஏற்கெனவே இரு மொழியிலும் இருக்கும் ஆவணங்களிலிருந்து வாக்கிய இணைகளை எடுத்துக் காட்டும். வினைக்குப் பின் எந்த முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) வரும் என்று பார்க்க இதற்கு நிகரில்லை. குறை என்னவென்றால் அலுவல் ஆவணங்களின் வாசம் தூக்கலாக அடிக்கும். நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கு இங்கிருந்து சொல் எடுத்தால் அரசாணை மாதிரி ஒலிக்கும். கீழே வரும் வாக்கியங்களுக்கு ‘சரிபார்க்கப்படாதவை’ என்று தளமே முத்திரை குத்தியிருப்பதையும் மறக்கக் கூடாது.

அதே நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த டீப்எல், கூகுள் டிரான்ஸ்லேட் இரண்டும் முழு வாக்கியத்தை மொழிபெயர்த்துத் தருபவை. தனிச் சொல்லைக் கொடுத்தால் இரண்டுமே ஊகிக்கத்தான் முடியும். செயலியின் பொத்தானில் இருக்கும் ‘சேவ்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கொடுத்தால் குவார்தாருக்குப் பதில் அஓரார் வந்து உட்கார வாய்ப்புண்டு. ‘சேவ் தி ஃபைல்’ என்று கொடுத்து, வந்ததில் வினையை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. டீப்எல்லில் வந்த சொல்லின்மேல் தொட்டால் மாற்றுச் சொற்கள் விரியும். முதல் விடையை நம்பாதவர்களுக்கு அது பெரிய வசதி.

எந்தத் தளத்தில் எடுத்தாலும் சொல்லைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். எஸ்பெரார் என்பதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் காத்திருப்பது, நடக்கும் என்று நம்புவது, எதிர்பார்ப்பது மூன்றும் வரும். பாங்கோ பணம் போடும் இடமும்தான், உட்காரும் பெஞ்சும்தான். ஆற்றங்கரைக்கு அது ஆகாது, ஓரியா என்று போட வேண்டும்.

கடைசியாக நாடு. ‘மிஸ்’ என்பதில் ரயிலைத் தவறவிட்டால் எங்கும் பெர்தேர். ஆளைப் பிரிந்து ஏங்கினால் ஸ்பெயினில் எச்சார் தே மேனோஸ், லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் எஸ்த்ரஞ்ஞார். பேருந்து பிடிப்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்லும் கொஹேர், மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை, அங்கே தோமார். வேர்ட்ரெஃபரன்ஸில் சொல்லுக்கு அருகே நாட்டுக் குறி இருந்தால் அதைப் படிக்காமல் தாண்டக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். விளக்கம் முழுக்க ஸ்பானிஷில்தான், ஆனால் எந்த நாட்டில் எந்தப் பொருள் என்பதைப் பொருள்வாரியாகக் குறித்திருப்பார்கள்.