மாங்கூழ் ஆலையில் வெளிநாட்டு முதல்: கம்பெனியா, எல்.எல்.பி.யா, துபாய் வழியா?

துபாயிலோ சிங்கப்பூரிலோ ஈட்டிய பணத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் போட விரும்புகிறவர்கள், வரி எத்தனை சதவீதம் என்றுதான் ஆடிட்டரிடம் முதலில் கேட்கிறார்கள். லாபத்தை ஆலைக்குள்ளேயே விட்டுவைக்கப் போகிறோமா, ஆண்டுதோறும் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகப் போகிறோமா என்பதை முதலில் தீர்மானித்தால், சதவீதக் கணக்கு தானாகத் தெளிவாகும்.

வெளிநாட்டுக் கம்பெனியின் கிளை என்ற வழியை உடனே ஒதுக்கிவிடலாம். கிளை அலுவலகம் நேரடியாக உற்பத்தி செய்ய அனுமதி இல்லை என்பதோடு, அதன் வரி விகிதமும் 35 சதவீதம், வரியின் மேல் விழும் சர்சார்ஜும் (கூடுதல் வரி) செஸ்ஸும் (மேல்வரி) தனி.

உண்மையான போட்டி தனியார் கம்பெனிக்கும் எல்.எல்.பி.க்கும் (கூட்டாளிகளின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனம்) இடையில்தான். மற்ற சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் கம்பெனிக்கு எல்லாம் சேர்த்து 25.168 சதவீதம் வரி விழும். லாபத்தை ஈவுத்தொகையாக (டிவிடெண்ட்) பிரித்தால் அதில் மறுபடியும் வரிப் பிடித்தம் உண்டு. எல்.எல்.பி.க்கு வருமானம் 1 கோடி ரூபாய் வரை 31.2 சதவீதமும் அதைத் தாண்டினால் வருமானம் முழுவதற்கும் 34.944 சதவீதமும் ஆகும் என்றாலும், கூட்டாளி கைக்கு வரும் லாபப் பங்குக்கு வேறு வரி இல்லை. 2 கோடி ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவும் அமீரகமும் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி ஈவுத்தொகையில் 10 சதவீதம் பிடித்தால், கம்பெனி வழியில் மொத்தம் சுமார் 65.3 லட்சமும் எல்.எல்.பி. வழியில் சுமார் 69.9 லட்சமும் வரியாகப் போகும். லாபம் 80 லட்சமாக இருந்தால் நிலைமை தலைகீழாகிறது: கம்பெனிக்கு 26.1 லட்சம், எல்.எல்.பி.க்கு 24.96 லட்சம். பணத்தை வெளியே எடுக்காமல் புதிய இயந்திரத்தில் போடுகிறவருக்கோ, அந்த 2 கோடியில் கம்பெனி வழி ஏறக்குறைய 19.5 லட்சத்தை மிச்சப்படுத்தும். வளர நினைக்கும் ஆலைக்குக் கம்பெனியே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். ஒப்பந்தச் சலுகை கிடைக்காதவர் லாபம் முழுவதையும் ஈவுத்தொகையாக எடுத்தால் கூட்டு வரி 40 சதவீதத்தைத் தாண்டிவிடும், அவருக்கு எல்.எல்.பி. பொருந்தும்.

துபாயில் வாழும் இந்தியக் குடிமக்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வசிப்பிட அடிப்படையில் வரிக்கு உட்படாத குடிமகனை இந்திய வாசியாகவே சட்டம் கருதுகிறது. ஒப்பந்தத்தின் 10 சதவீதச் சலுகை அமீரக வாசிக்குத்தான் என்பதால், பெருந்தொகை ஈவுத்தொகையாக வரும்போது அது குறித்து வருமான வரித்துறை கேள்வி எழுப்பலாம். அமீரக வசிப்பிடச் சான்றிதழோடு, குடும்பமும் வீடும் அங்கேதான் என்பதற்கான ஆவணங்களும் கையில் இருக்க வேண்டும். (மாந்தோப்பையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு; வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை வாரிசுரிமையாகப் பெறலாமே தவிர விலைக்கு வாங்க முடியாது.)

மூன்றாவதாகப் பலரும் ஆசையோடு கேட்பது, துபாயில் ஒரு வணிகக் கம்பெனி தொடங்கி அதன் பெயரில் பில் போடும் வழி. அங்கே 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம்தான் வரி என்பதே காரணம். ஆனால் பெங்களூரா ரக மாங்கூழ் நிரப்பிய 215 கிலோ டிரம் ஆலையிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக நேரே நெதர்லாந்துக்குப் போக, காகிதத்தில் மட்டும் அது 17,000 ரூபாய்க்குத் துபாய்க்கு விற்கப்பட்டு அங்கிருந்து 21,000 ரூபாய்க்குக் கைமாறுமானால், இடையிலுள்ள 4,000 ரூபாய்க்குத் துபாய் அலுவலகம் செய்த வேலை என்ன என்று அதிகாரி கேட்பார். தொடர்புடைய நிறுவனங்களுக்கிடையேயான விலை, அயலாருக்கு விற்கும் விலையாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே வாங்குபவரைத் தேடவும் கடன் வசூலிக்கவும் ஆட்கள் இருந்தால் அந்த அளவுக்கு லாபம் அங்கே நிற்கும். பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் மிஞ்சுவது வழக்குதான்.

முதலில் கம்பெனியாகத் தொடங்கிவிட்டுப் பிறகு எல்.எல்.பி.யாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதும் சரிவராது. அந்த மாற்றத்துக்கு வரிவிலக்கு பெற, முந்தைய 3 ஆண்டுகளிலும் விற்றுமுதல் 60 லட்சத்தையும் சொத்து மதிப்பு 5 கோடியையும் தாண்டியிருக்கக் கூடாது. ஒரே பருவம் ஓடிய கூழ் ஆலைகூட அந்த வரம்புக்குள் அடங்காது என்பதால், இந்தக் கணக்கைப் பதிவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.