சிட்னியில் ஒரே ஒரு சனிக்கிழமை: மலையா, படகா, பரமட்டாவா?

அலுவலக வேலையாகச் சிட்னிக்குப் போகிறவர்களின் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். திங்கள் முதல் வெள்ளி வரை மீட்டிங், ஞாயிற்றுக்கிழமை விமானம். நடுவில் மிஞ்சுவது ஒரு சனிக்கிழமை. ஐந்து மாலைப் பொழுதுகளும் இருக்கின்றனவே என்று தோன்றும். ஆனால் நம்மைவிடச் சிட்னி நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை. அங்கே நீங்கள் ஆறு மணிக்குப் பையைத் தூக்கும்போது சென்னை அலுவலகம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, "ஒரு சின்ன கால், பத்தே நிமிஷம்" என்று தொடங்கியிருக்கும்.

அதனால் அந்தச் சனிக்கிழமையை என்ன செய்வது என்பது உண்மையிலேயே பெரிய கேள்வி. யாராவது பாலைவனத்துச் செம்பாறை உலுரு, பவளத்திட்டுப் பக்கத்துக் கெய்ன்ஸ், மெல்போர்ன் பக்கத்துக் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோடு என்று ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். உலுருவுக்கும் கெய்ன்ஸுக்கும் விமானத்திலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல். மெல்போர்ன் ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் அதற்குமேல் சாலைப் பயணம் ஒரு முழு நாள்.

நிஜமான போட்டி மூன்று இடங்களுக்குள்தான்.

முதலாவது புளூ மவுன்டன்ஸ். நமக்கு இது அந்நியமான இடமே இல்லை. பெயரைத் தமிழில் சொன்னாலே நீலமலை, அதாவது நீலகிரி. இலைகளிலிருந்து காற்றில் கலக்கும் எண்ணெய்தான் அந்த நீல மூட்டத்துக்குக் காரணம் என்பார்கள். அந்த மரம் வேறெதுவுமில்லை, யூகலிப்டஸ். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஊட்டிப் பக்கம் கொண்டுவந்து நட்ட அதே மரம். நாம் அதன் எண்ணெய்க்கு நீலகிரித் தைலம் என்று பெயரும் வைத்துவிட்டோம். அந்த மலையில் உள்ள ஊரான கட்டூம்பாவின் ஸ்டேஷனில் இறங்கியதும் வரும் வாசனை ஜலதோஷத்துக்கு ஆவி பிடித்த நாட்களை ஞாபகப்படுத்தும்.

சிட்னியின் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கட்டூம்பாவுக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து எக்கோ பாயின்ட் என்ற காட்சி முனைக்கு அரை மணி நேர நடை, பஸ்ஸும் உண்டு. எதிரே த்ரீ சிஸ்டர்ஸ் என்ற மூன்று பாறைகள், கீழே கண்ணுக்கு எட்டியவரை காடு. டூர் பஸ்காரர்கள் நூறு டாலருக்கு மேல் கேட்பார்கள். ரயிலுக்கு அவ்வளவெல்லாம் ஆகாது. சிட்னியில் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் ஒரு நாள் முழுக்க ரயில், பஸ், படகு என்று எவ்வளவு சுற்றினாலும் பத்து டாலரை ஒட்டி ஒரு வரம்போடு கட்டணம் நின்றுவிடும். சிட்னியின் பயண அட்டையான ஓபல் கார்டு கூட வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினால் போதும்.

குறைகளும் இருக்கின்றன. வார இறுதியில்தான் தண்டவாளப் பராமரிப்பு வைப்பார்கள்; அன்று பாதி வழி பஸ்ஸில் போக வேண்டியிருக்கும். ரயில் ஓடுகிறதா என்று வெள்ளி இரவே பார்த்துவிடுங்கள். இன்னொன்று மூடுபனி. முதல் தடவை போனபோது மூன்று சகோதரிகளில் ஒருத்தியைக்கூட நான் பார்க்கவில்லை. வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று, காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாவது மேன்லி. நகரின் படகுத்துறையான சர்குலர் கீயில் படகு ஏறினால் அரை மணி நேரம். ஓபரா ஹவுஸைத் தண்ணீரிலிருந்து பார்க்கத் தனிச் சொகுசுப் படகு எதற்கு? வேலைக்குப் போகிறவர்கள் தினமும் ஏறும் இந்தப் பச்சை மஞ்சள் படகு அதன் பக்கமாகவே போகிறது. துறைமுக வாயைக் கடக்கும் இடத்தில் திறந்த கடலின் அலை வந்து மோதும். படகு நன்றாகவே ஆடும். இறங்கி கோர்ஸோ என்ற கடைத்தெருவைத் தாண்டினால் கடற்கரை. அதன் ஓரமாகவே கால் மணி நேரம் நடந்தால் ஷெல்லி பீச், அமைதியான சின்ன வளைகுடா. மேன்லி கடற்கரையில் இறங்குவதானால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். மெரினாவில் கால் நனைத்த தைரியம் இங்கே உதவாது, அலையின் இழுப்பு அப்படி. நடை பிடித்தவர்கள் இதற்குப் பதிலாகப் போன்டையிலிருந்து கூஜி வரை ஆறு கிலோமீட்டர் பாறை ஓரப் பாதையில் போகலாம். நல்ல பாதைதான், ஆனால் அதில் படகு கிடையாது!

மூன்றாவது பரமட்டா. இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் முதலில் சொல்லாது. அதே சர்குலர் கீயிலிருந்து ஆற்றுப் படகு, ஹார்பர் பாலத்துக்கு அடியில் நுழைந்து ஒன்றரை மணி நேரம் மேற்கே போகும். ஆறு குறுகக் குறுக இரு பக்கமும் அலையாத்திக் காடு. நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தால் கடைசிப் பகுதிக்கு பஸ்தான். பரமட்டாவுக்குப் பக்கத்தில் இந்திய உணவகங்கள் நிறைந்த ஹாரிஸ் பார்க். தோசைக்கு அலைய வேண்டாம். அங்குள்ள முக்கியத் தெருவின் பெயரை (Wigram Street) தமிழில் எழுதினால் விக்ரம் தெரு, கேட்கவே சொந்த ஊர் மாதிரி. கொஞ்சம் தள்ளி மேஸ் ஹில்லில் முருகன் கோயில். சுற்றுவட்டாரத்தில் ஈழத் தமிழர்கள் நிறைய. ஐந்து நாள் சாண்ட்விச்சுக்குப் பிறகு தமிழ் காதில் விழுவதே ஒரு சுகம். திரும்பும்போது ரயிலில் அரை மணி நேரம்தான்.

சரி, எதை எடுப்பது? என்னைக் கேட்டால் இடத்தைவிட மாதத்தைப் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஒரே ஒரு மாலை சென்னைக்கு "இன்று முடியாது" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை வேலை முடிந்ததும் மேன்லிக்குப் போய் வந்துவிடுங்கள். சனிக்கிழமையை மலைக்குக் கொடுக்கலாம். ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மலையில் குளிர் வேறு, பகலில் நாலு மணி நேரம் ரயிலுக்கே போய்விடும். அப்போது சனிக்கிழமை மேன்லிக்குத்தான். வாரநாள் மாலைகளில் கடைகளுக்குப் போகலாம் என்றால் அவையும் ஆறுக்குள் மூடிவிடும். வியாழன் மட்டும் ஒன்பது வரை. புதன் இரவு பத்து வரை திறந்திருக்கும் நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் கேலரிக்கு அனுமதி இலவசம்.

பரமட்டாவை நான் ஞாயிறு காலைக்கு வைப்பேன், விமானம் இரவில் என்றால் மட்டும். பெட்டியை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போய், மதியத்துக்குள் திரும்பி, விமான நிலைய ரயிலைப் பிடிக்கலாம். அந்த ஸ்டேஷனுக்கு மட்டும் தனி நுழைவுக் கட்டணம் உண்டு. பத்து டாலர் வரம்புக்குள் அது வராது. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகக் கணக்கில் சேர்க்கலாம்.